வாய்விட்டு யோசித்தவர்கள்

எனக்கு முணுக்கென்றால் கோபம் வந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. பின்னால் நான் போட்ட கூச்சலைப் படித்துவிட்டு "இந்தம்மா ஏன் இப்படி?" என்று யாரும் கேட்கக் கூடாது பாருங்கள்.

பாலக்கரையில் வீடு. ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறேன். நன்றாகவே நடத்துகிறேன், அதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. ஆனால் பெயருக்கு முன்னால் 'முனைவர்' இல்லை. இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் பட்டம் வாங்காதவர்களுக்கு அடுத்த வருடம் இடமில்லை என்று நிர்வாகம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

என் ஆராய்ச்சி இதுதான்: புரோகிராமர்கள் வேலை செய்யும்போது உண்மையில் என்ன செய்கிறார்கள்? முடிந்த புரோகிராமை எல்லோரும் பார்க்கிறார்கள். அது முடிவதற்குள் எங்கே முட்டிக்கொண்டு நின்றார்கள், எதை எழுதி எதை அழித்தார்கள் என்பதை யாரும் பார்ப்பதில்லை. நான் அதைப் பார்க்க நினைத்தேன். அவர்கள் வேலை செய்யும்போது திரையில் நடப்பது முழுவதும் பதிவாகும். சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கை மாட்டிவிடுவேன். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவர்கள் வேலை செய்ய வேண்டும். பிறகு நான் உட்கார்ந்து, அவர்கள் சொன்னது ஒவ்வொன்றையும் எழுதி, செய்தது ஒவ்வொன்றையும் பக்கத்தில் வைத்து ஆராய வேண்டும்.

"அடுத்தவன் வேலை செய்யறதை வேடிக்கை பாக்கறதுக்கெல்லாமா டாக்டர் பட்டம் தர்றாங்க?" என்று கேட்டார் என் கணவர்.

"உங்களை வேடிக்கை பாத்தே வாங்கிடலாம்னுதான் நெனச்சேன். நீங்க வேலை செஞ்சாத்தானே" என்றேன்.

பெரிய கம்பெனிகள் வாசலிலேயே கும்பிடு போட்டு அனுப்பிவிட்டன. கடைசியில் தில்லை நகரில் ஒரு சின்னக் கம்பெனி சரி என்றது. கீழே குழந்தைகள் டாக்டரின் கிளினிக், மாடியில் இவர்கள். கிளினிக்குகளுக்கு டோக்கன் போடும் சாஃப்ட்வேர், மருந்துக்கடை பில் சாஃப்ட்வேர் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் ஐந்து பேர். அவர்களில் தலைவராக இருந்தவர் நாற்பதைத் தாண்டியவர். முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணன். எனக்கு அவர் 'சார்'தான் என்றாலும், மனசுக்குள் நானும் சீக்கிரமே அண்ணன் என்றுதான் சொல்ல ஆரம்பித்தேன்.

மற்ற நால்வரும் இளையவர்கள். அதில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தி ஸ்ரீரங்கத்துப் பெண். கோயில் கைங்கர்யக் குடும்பம். சர்வர் படுத்துவிட்டால் மற்ற ஊரில் எல்லாம் "சர்வர் டவுன்" என்பார்கள். இவளோ, "அண்ணா, சர்வர் சயனத்துல எழுந்தருளியிருக்கார். எழுப்பட்டுமா, இன்னும் சித்த நாழி சேவிச்சுண்டு நிக்கலாமா?" என்பாள். இன்னொருவன் திருவெள்ளறை. வீட்டில் நெல்லும் வாழையும். தினமும் பைக்கில் வந்துபோவான். எதையும் அடக்கி வாசிக்கத் தெரியாத பையன். கீபோர்டில் அவன் தட்டுவது கீழே கிளினிக் வரைக்கும் கேட்கும்.

முதல் சுற்றுக்கு நால்வருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தேன். ஒரு டோக்கன் புரோகிராம். அதில் நானே ஒரு பிழையை ஒளித்துவைத்திருந்தேன். கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். நாளுக்கு ஒருவராகப் பதிவு செய்வதாகத் திட்டம். ஸ்ரீரங்கத்துப் பெண்தான் முதலில், ஒரு சனிக்கிழமை, உட்கார்ந்தாள். அவள் தயங்குவதைப் பார்த்து, "தப்பு வந்தா பயப்படாதம்மா. எனக்கு வேண்டியதே தப்புதான்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நாலு பதிவும் முடிந்ததும் கல்லூரி லேபில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். முதலாவது நன்றாக இருந்தது. தடுமாறினாள், ஒரு தப்பான இடத்தைத் திருத்தினாள், "அச்சச்சோ, இது இல்லையே" என்றாள், பிறகு சரியான இடத்துக்குப் போனாள். அருமை என்று எழுதிக்கொண்டேன். இரண்டாவது பதிவிலும் அதே தப்பான இடம், அதே "அச்சச்சோ". சரி, இருக்கலாம். மூன்றாவதிலும் அதே. நான்காவது நம் திருவெள்ளறைப் பையன். அந்த இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகத்தில் வருகிற ராஜா மாதிரி, "ஐயையோ! எவ்வளவு பெரிய தவறு செய்துவிட்டேன்!" என்றான்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அப்படியே ஆட்டோ பிடித்துத் தில்லை நகர் போய் இறங்கினேன். நான் படியேறிய வேகத்தைப் பார்த்து, ஊசி போட வந்திருந்த குழந்தை அம்மாவைக் கட்டிக்கொண்டது.

"என்ன நெனச்சிட்டிருக்கீங்க எல்லாரும்? இது என்ன பரீட்சையா, கேள்வித்தாளை வெளிய விடறதுக்கு? தப்பையுமா காப்பி அடிப்பீங்க? என் வேலை போயிடும், தெரியுமா உங்களுக்கு?"

நால்வரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இல்ல மேம். உங்களுக்கு நன்னா வரணும்னுதான். ஞாயித்துக்கிழமை எங்காத்து மாடியில எல்லாரும் உக்காந்து பழகினோம். தப்பு வேணும்னு நீங்க சொன்னேளோன்னோ, அதான் ஒரு நல்ல தப்பா பாத்து..."

"ஒரு நல்ல தப்பா பாத்து!" என்றேன்.

"அவங்க அம்மா சொஜ்ஜி கூட பண்ணிக் குடுத்தாங்க மேடம்" என்றான் திருவெள்ளறைப் பையன். அது தங்களுக்குச் சாதகமான சாட்சி என்று நினைத்தான் போலிருக்கிறது. "விருந்தாளி வந்தா வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்க மாட்டோமா மேடம்? நீங்க எங்க வேலையைப் பாக்க வர்றீங்க. குப்பையா கெடந்தா நல்லாவா இருக்கும்?"

"எனக்குக் குப்பைதான்டா வேணும்!" என்று கத்தினேன். கத்தி முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்ன பிள்ளைகள் இவர்கள்! விடுமுறை நாளில் வேலை மெனக்கெட்டு மாடியில் கூடி, எனக்காகத் தப்பை ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அடிக்கத் தோன்றியது, அணைத்துக்கொள்ளவும் தோன்றியது.

இரண்டாவது சுற்றுக்கு ஆளுக்கொரு கணக்கு. எதற்கும் எனக்கே விடை தெரியாது. நண்பர்களிடம் அவர்களுடைய பழைய புரோகிராம்களைக் கேட்டு வாங்கி, அவர்கள் சரிசெய்ய முடியாமல் விட்டதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த முறை குப்பை கிடைத்தது, அதுவும் கூடை கூடையாக. "தெரிஞ்சிடுச்சு, தெரிஞ்சிடுச்சு" என்பார்கள், கை பறக்கும், ஓட்டிப் பார்த்தால் முன்னைவிட மோசமாக இருக்கும். ஆனால் ஒரு சங்கடம். மாட்டிக்கொண்டு நிற்கும் இடம் வந்ததும் நால்வருமே வாயை மூடிக்கொண்டார்கள். "பேசுங்க, பேசுங்க" என்று கையைக் காட்டுவேன். ம்ஹூம். மைக்கில் மின்விசிறிச் சத்தம்தான் இருந்தது. இளையவர்களுக்கு யோசனையும் பேச்சும் ஒன்றாக வராது போல என்று நான் காரணம் எழுதிவைத்தேன்.

அனுபவசாலிகள் மூன்று பேராவது வேண்டும் என்பது என் கைடின் கறார். இல்லாவிட்டால் ஆய்வேட்டை அனுப்ப முடியாது. வேறு கம்பெனிகளில் இரண்டு பேர் கிடைத்தார்கள். மூன்றாவது அண்ணன்தான். அவரோ பிடி கொடுக்கவில்லை. "அடுத்த வாரம் பாக்கலாம் மேடம்" என்பார். அடுத்த வாரம் போனால் கிளினிக்கில் கம்ப்யூட்டர் பழுது என்று கிளம்பிப் போயிருப்பார். ஒரு வாரம் காய்ச்சல் என்பார், இன்னொரு வாரம் கல்யாணம் என்பார். எனக்கு நாள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் வாசலிலேயே மறித்தேன்.

"சார், நேராச் சொல்லிடுங்க. உங்களுக்கு இஷ்டம் இல்லையா?"

அவர் என்னைத் தெருமுனை டீக்கடைக்கு அழைத்துப் போனார். டீ டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"மேடம், நான் பெரிய காலேஜெல்லாம் படிக்கலைங்க. சும்மா தட்டித் தட்டிக் கத்துக்கிட்டதுதான். இந்தப் பசங்க என்கிட்ட வந்து அண்ணே இது வரல, அது ஓடலைங்கறாங்க. சரி போ, நான் பாத்துக்கறேன்னு சொல்லி அனுப்பிடுவேன். அவங்க போன அப்புறம்தான் உக்காந்து முழிப்பேன். ஒண்ணும் புரியாது. எல்லாத்தையும் தேடித் தேடிப் படிச்சு, எப்படியோ சரி பண்ணிக் குடுப்பேன். அண்ணனுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சிட்டிருக்காங்க. நீங்க அந்த மைக்கை மாட்டி, நான் முழிக்கறதைப் பதிவு பண்ணிட்டீங்கன்னா, அப்புறம் அவங்க முன்னாடி நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உக்கார்றது?"

இவ்வளவு நாளாக இந்த மனிதரைத் திமிர் பிடித்தவர் என்று வீட்டில் திட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், உங்க குரலை நானும் என் கைடும் தேர்வாளரும் தவிர யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னது எழுத்துல மட்டும்தான் வரும், அதுவும் பேர் இல்லாம, வெறும் நம்பரா. எந்தச் சபையிலயும் போட மாட்டேன். இது சத்தியம்."

டம்ளரைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கிழமை வாங்க. யாரும் இருக்க மாட்டாங்க" என்றார்.

மாதா கோயிலில் பூசை முடிந்து நேராகப் போனேன். கிளினிக் பூட்டியிருந்தது, தெருவே காலியாக இருந்தது. காலரில் நானே மைக்கை மாட்டினேன். கணக்கைப் பார்த்தார். ரொம்ப நேரம் கீபோர்டைத் தொடவே இல்லை. ஆனால் வாய் மட்டும் நிற்கவில்லை. "தெரியல" என்றார். "ரெண்டாவது தடவை மட்டும் ஏன் தப்பா வருது? தெரியல. இதனாலயா? இல்ல. சரி, இது இல்லைன்னு தெரியுது, அதுவரைக்கும் லாபம். அப்ப எதனால? தெரியல." இப்படியே ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சாத்திக்கொண்டு போனார். கடைசியில் ஒரே ஒரு வரியை மாற்றினார். ஓடியது.

அவருக்கு வியர்த்திருந்தது. எனக்கோ கை தட்ட வேண்டும் போலிருந்தது. இளையவர்களின் பதிவு முழுக்கத் "தெரிஞ்சிடுச்சு", இவர் பதிவு முழுக்கத் "தெரியல". மற்ற இரண்டு அனுபவசாலிகளும் இப்படித்தான் என்றாலும் இவர் அளவுக்கு வாய்விட்டுச் சொன்னவர் யாரும் இல்லை. என் ஆய்வேட்டின் நடுநாயகமான அத்தியாயமே இவர் தலையில்தான் நின்றது.

ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. கல்வியாண்டு முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். அது எல்லோரும் வந்து உட்காரலாம் என்கிற பொதுத் தேர்வு. கல்லூரிக் கருத்தரங்க அறை. என் கணவர் காலையிலேயே போய், வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க லட்டு, மிக்சர், ஒரு துண்டு கேக் என்று பொட்டலம் கட்டி வாங்கி வந்தார். தில்லை நகரிலிருந்து ஐந்து பேரும் வந்துவிட்டார்கள், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில். அந்தப் பெண் தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். திருவெள்ளறைப் பையன் எனக்கு ஒரு வாழைத்தாரே கொண்டுவந்து அறை மூலையில் சாத்திவைத்தான். "இதை எங்கடா வைக்கறது?" என்று அதட்டினேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பெரியவர், கண்டிப்பானவர். எல்லாம் நன்றாகத்தான் போனது. அந்த அத்தியாயம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தனை வருஷ அனுபவம் உள்ள ஒருத்தர், பக்கத்துக்குப் பக்கம் 'தெரியல, தெரியல'ன்னு சொன்னாருன்னு எழுதியிருக்கீங்க. என்னால நம்ப முடியலம்மா. உங்க முடிவுக்குத் தகுந்த மாதிரி எழுத்துல சேத்துக்கிட்டீங்களோன்னு எனக்குச் சந்தேகம். அந்தப் பதிவைப் போடுங்க. கேப்போம்."

"சார், குரலைச் சபையில போட மாட்டேன்னு அவருக்கு வாக்கு குடுத்திருக்கேன். உங்களுக்குத் தனியா போட்டுக் காட்டறேன்."

"இது பொதுத் தேர்வும்மா. சபையில எழுந்த சந்தேகம், சபையிலதான் தீரணும். ஆதாரம் இல்லாம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

கைடு என்னைப் பார்த்து, போட்டுவிடு என்று கண்ணைக் காட்டினார். பின்வரிசையில் என் கணவர் எழுந்தே நின்றுவிட்டார். லேப்டாப்பில் ஒரு விரல் வைத்தால் போதும். நம்பர்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தினமும் கேட்கிற குரலை அந்த நாலு பிள்ளைகளுக்குத் தெரியாதா? மகளின் முகம் வந்துபோனது. அடுத்த வருடம் எந்த வாசலில் போய் நிற்பது என்று நினைத்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"முடியாது சார். பட்டம் தராட்டிப் போங்க. போட மாட்டேன்" என்றேன்.

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்களை அடுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சார், அது நான்தாங்க" என்றார் அண்ணன். நின்றுகொண்டிருந்தார். கையில் பிரிக்காத லட்டுப் பொட்டலம். "மேடம் ஒண்ணும் சேத்து எழுதலைங்க. போடச் சொல்லுங்க. நானே சொல்றேன்."

"சார், வேண்டாம்" என்றேன்.

"போடுங்க மேடம்."

போட்டேன். அந்தப் பெரிய அறையில் அவருடைய குரல் எல்லா மூலையிலிருந்தும் வந்தது. தெரியல. தெரியல. இதுவும் இல்ல. தெரியல. "இத்தனை வருஷமாச்சு, இந்த எழவு இன்னும் மனசுல நிக்கல பாரு. ஒவ்வொரு தடவையும் தேடித்தான் பாக்க வேண்டியிருக்கு." பிறகு ஒரு பெருமூச்சு. "பசங்க இப்ப என்னைப் பாத்தாங்கன்னா அவ்வளவுதான். அண்ணே அண்ணேன்னு வந்து நிக்குதுங்க பாவம். இந்த ஆளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு தெரிஞ்சா என்ன நெனைக்கும்ங்க..."

நான் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். தேர்வாளர் கையைத் தூக்கி, "போதும்மா" என்றார். அவர் குரலும் இறங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, எனக்குப் பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாக எழுந்து நின்று படித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ சால்வை போர்த்தினார்கள்.

வெளியே வராந்தாவில் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டு கூட்டம் நின்றது. அண்ணன் மட்டும் படிக்கட்டு ஓரமாகப் போய், போனை எடுத்து, வராத ஏதோ ஒரு செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார். நால்வரும் அவரிடம் போகத் தயங்கி ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். சால்வையோடு நானும் தள்ளியே நின்றேன்.

திருவெள்ளறைப் பையன்தான் முதலில் போனான்.

"அண்ணே."

"ம்."

"நாங்க தப்பா ஒண்ணும் நெனைக்கலண்ணே." ஆண்டு விழா நாடகமெல்லாம் அவன் குரலில் இப்போது இல்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறது உங்களுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு, வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து நான் பயந்துக்கிட்டே இருக்கேண்ணே. வேலையை விட்டுட்டுப் போயிடலாமான்னு கூட நெனச்சிருக்கேன். எனக்கு மட்டும்தான் வரலைன்னு நெனச்சேன். இவளுக்கும் அப்படித்தானாம். இப்பதான் சொல்றா."

அந்தப் பெண் தலையாட்டினாள். மைக்கை மாட்டிக்கொண்டும் இவர்கள் ஏன் வாயை மூடிக்கொண்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆய்வேட்டில் நான் எழுதியிருந்த காரணம் தப்பு. அதற்குத்தான் சற்று முன் பட்டமும் கொடுத்திருந்தார்கள்.

அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டார். அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்டா, ஒரு நாளாவது வந்து என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க சொன்னீங்களாண்ணே?" என்றான் அவன்.